கடுகுரோகிணி வாங்க நாக்கு மட்டும் போதாது



பருப்பு விலை, எண்ணெய் விலை, வரிக் கணக்கு, தராசு முத்திரை என்று நம் இதழில் எத்தனையோ எழுதுகிறோம். அவையெல்லாம் நாள்தோறும் கல்லாவில் காசு விழும் சரக்குகள் சம்பந்தப்பட்டவை. இம்முறை நான் எழுத வந்தது நம் கடையின் பின்வரிசை அலமாரியில், சித்தரத்தைக்கும் அதிமதுரத்துக்கும் நடுவில் ஒரு தகர டப்பாவில் கிடக்கும் சரக்கைப் பற்றி. வருஷத்துக்கு இரண்டு கிலோ விற்றால் பெரிது. இருந்தாலும் அந்த டப்பாவை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில் நம் தொழிலின் மானமே அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். கடுகுரோகிணியைத்தான் சொல்கிறேன்.

பெயரிலேயே ஒரு தொல்லை உண்டு. என் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், சீட்டில் ‘கடுகு ரோ.’ என்று சுருக்கி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு நூறு கிராம் கடுகைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டான். வாங்கிப் போன அம்மாள் மறுநாள் வந்து, “ஏம்பா, தாளிக்கவா கேட்டேன்?” என்று கேட்டார். தாளிக்கும் கடுகுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. வடக்கே இதற்குக் குட்கி என்று பெயர். தாவர நூலில் பிக்ரோரைசா குர்ரோவா என்பார்கள். கிரேக்க மொழியில் பிக்ரோஸ் என்றால் கசப்பு, ரைசா என்றால் வேர். ஆகக் கசப்பு வேர் என்பதே அதன் பெயர். வேர் என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது மண்ணுக்கடியில் படரும் தண்டு. இஞ்சி, மஞ்சள் போல.

நம் சித்த வைத்தியர்களும் ஆயுர்வேதக்காரர்களும் இதைக் காய்ச்சலுக்கும், மலக்கட்டுக்கும், ஈரல் சம்பந்தமான நோய்களுக்கும் சேர்க்கிறார்கள். ஆயுர்வேதத்தில் ஆரோக்கியவர்த்தினி என்ற மாத்திரையில் மற்றச் சரக்கு எல்லாம் சேர்ந்து எவ்வளவோ அவ்வளவு எடை கடுகுரோகிணி மட்டும் சேரும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதன் சத்தைப் பிரித்து ‘பிக்ரோலிவ்’ என்று பெயரிட்டு ஈரலுக்காக ஆராய்ந்தது.

சீன வைத்தியத்திலும் இது உண்டு. சீனர்களுக்குச் சொந்தமாக ஹுவாங் லியான் என்று ஒரு கசப்பு வேர் இருக்கிறது; உள்ளே நல்ல மஞ்சள் நிறம். அதே இனத்துச் செடி ஒன்று நம் அருணாசலப் பிரதேசத்தின் மிஷ்மி மலைகளிலும் விளைகிறது. மிஷ்மி தீத்தா என்று வியாபாரத்தில் பெயர். நம் கடுகுரோகிணிக்கும் அதன் தம்பி முறையான, நேபாளம், திபெத்துப் பக்கம் விளையும் இன்னொரு வகைக்கும் சீனர்கள் வைத்த பெயர் ஹூ ஹுவாங் லியான். ‘ஹூ’ என்றால் மேற்கே இருந்து வந்த அயல்நாட்டுச் சரக்கு என்று பொருள். அவர்கள் ஊரிலும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான் அந்தப் பெயரை வைத்திருப்பான். அங்கே ஒரு பழமொழியும் உண்டு: ஊமை ஹுவாங் லியான் தின்ற கதை என்பார்கள். கசப்பைச் சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது என்று அர்த்தம். மோசமான சரக்கில் ஏமாந்த சில்லறை வியாபாரியின் கதையும் அதுதானே?

நானும் அந்த ஊமையாக ஒருமுறை ஆகியிருக்கிறேன்.

1994ஆம் வருஷம் ஐப்பசியில், வெளியூர் மொத்தக் கடை ஒன்றிலிருந்து எனக்கு ஒரு தகவல் வந்தது. அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம். கடுகுரோகிணி ஒரு மூட்டை நிற்கிறது, மார்க்கெட் விலையில் பாதிக்குத் தருகிறோம் என்றார்கள். பாதி விலை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆசைதான் வந்தது. லாரி ஆபீசில் மூட்டையை எடுத்து வந்து, பிரித்து, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கடலூர் என்று எட்டுப் பத்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். பார்வைக்குக் குறை இல்லை. அதே நிறம், அதே சுருக்கம்.

பத்து நாள் கழித்து, பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாக வைத்தியம் பார்க்கும் பெரியவர் ஒருவர் கையில் பொட்டலத்தோடு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“முதலாளி, இதை ஒரு துண்டு கடியுங்க” என்றார்.

கடித்தேன். நாக்கில் மரத்தூள் போல இருந்தது. கடைசியில் லேசாக ஒரு கசப்பு.

“கடுகுரோகிணி கடிச்சா மூஞ்சி கோணணும். உங்க மூஞ்சி கோணலையே? இது யாரோ காய்ச்சிச் சத்தை எடுத்துட்டு மறுபடி காயவெச்ச சக்கை. இதைக் காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தா என்ன ஆகும்? மருந்து கேக்கலைன்னு அவன் என்னைத்தானே ஏசுவான்? நோய் முத்தினா யார் பொறுப்பு?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “வைத்தியரே, எனக்கும் தெரியாமல் நடந்துபோச்சு” என்றேன். அவர் சொன்னார்: “தெரியாமத்தான் நடக்கும். தெரிஞ்சு பண்ணினா நீங்க வியாபாரியே இல்லையே.”

அன்று மாலையே சைக்கிளில் ஆள் அனுப்பி, மறுநாள் நானே பஸ் ஏறிப் போய், எட்டுப் பத்துக் கடையிலும் மிச்சம் இருந்ததைத் திரும்ப வாங்கிப் பணம் கொடுத்தேன். விற்றுப்போனது போனதுதான். எந்த வீட்டுக்குப் போனது, யார் குடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அனுப்பியவர்களிடம் கேட்டதற்கு, “சரக்கு அப்படித்தான் வந்தது, நாங்கள் வேரை நக்கிப் பார்த்தா வாங்குகிறோம்?” என்று பதில். பில்லில் ‘நாட்டு மருந்துச் சரக்கு 1 மூட்டை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரை என்ன கேட்பது?

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்தேன். மூட்டை வந்தால் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எடுத்துப் பார்ப்பேன். நல்ல கடுகுரோகிணி விரல் மொத்தம்கூட வராது. ஒன்றரை, இரண்டு அங்குல நீளத் துண்டுகளாக இருக்கும். மேலே சாம்பல் கலந்த பழுப்பு நிறம், நீளவாக்கில் சுருக்கம், இலை உதிர்ந்த தழும்புகள் மோதிரம் மோதிரமாகத் தெரியும். முறித்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். உள்ளே கறுத்து, வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். கடித்தால் கசப்பு தொண்டை வரைக்கும் போய் நெடுநேரம் நிற்கும். மண் உதிர்த்துப் பார்த்துத்தான் எடை போடுவேன். மூட்டைக்குக் கால் கிலோ மண்ணுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இவ்வளவு கற்றுக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. நாக்கு இருக்கும்வரை நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெல்ஜியம் நாட்டில் நடந்ததைப் பின்னாளில் படித்தபோதுதான் அந்தக் கர்வம் இறங்கியது. அதை நம் அன்பர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடம்பு இளைக்க வைக்கும் நிலையம் ஒன்று இருந்தது. 1990இல் அவர்கள் கொடுக்கும் மாத்திரையில் இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஃபாங் ஜி என்ற கசப்பு வேர். 1992இல் இளவயதுப் பெண்கள் சிலர் திடீரென்று சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். மருத்துவர்கள் விசாரித்தால் எல்லாரும் அந்த நிலையத்து மாத்திரை தின்றவர்கள். 1993இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் விஷயம் வெளியானது. பின்னர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. எத்தனையோ பேருக்கு இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று, மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியதாயிற்று. சில வருஷம் கழித்து அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது.

நடந்தது என்ன? சீனாவில் ஃபாங் ஜி என்ற பெயரில் அப்போது இரண்டு வேர்கள் விற்றுவந்தன. ஒன்று ஹான் ஃபாங் ஜி. ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேர். மற்றொன்று குவாங் ஃபாங் ஜி. அரிஸ்டோலோக்கியா என்ற இனத்துக் கொடியின் வேர். முதல் வேரைக் கேட்ட இடத்தில் இரண்டாவது வேர் போய்விட்டது. இரண்டாவதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. சீனாவில் மூட்டை கட்டியவனும் ஃபாங் ஜி என்றான், நடுவில் விற்றவனும் ஃபாங் ஜி என்றான், வாங்கியவனும் ஃபாங் ஜி என்றே வாங்கினான். யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டும் கசக்கும் வேர்தான்; நாக்கை நம்பியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது. அந்த நூற்றுச் சொச்சம் பெண்களின் வாழ்வு பாழானது ஒரு பெயரால்.

அது சீனச் சரக்கு, நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். அதே அரிஸ்டோலோக்கியா இனம் நம் வேலியிலும் படர்கிறது. ஈஸ்வரமூலி, பெருமருந்துக்கொடி என்று நாம் சொல்வது அதுதான். பாம்பு அண்டாது என்று வீட்டோரம் வைப்பார்கள். ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனமே. இரண்டிலும் அந்த அமிலம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்த அமிலம் உள்ள செடிகள் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தைவான் 2003இல் இந்த இனத்து மருந்துச் சரக்குகளைத் தடை செய்தது. என் கடையில் ஈஸ்வரமூலியை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பெரியவர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். “எங்க தாத்தா காலத்துச் சரக்கு” என்றார்கள். நான், “ஐயா, உங்கள் தாத்தா காலத்தில் சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை” என்று சொல்லி அனுப்பினேன்.

கடுகுரோகிணிக்கும் இந்தப் பெயர்க் குழப்பம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து அகராதிகளைப் புரட்டினால் கடுகுரோகிணிக்கு எதிரே கருப்பு ஹெல்லெபோர் என்று எழுதியிருக்கும். அது ஐரோப்பாவில் விளையும் விஷச்செடி. நம் இமயமலைச் சரக்குக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொன்று, இமயத்திலேயே விளையும் கெண்டியானா குர்ரூ என்ற செடி. அதுவும் கசப்பு வேர், அதன் தாவரப் பெயரின் வாலும் ஏறக்குறைய இதே. இந்த இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து வருவது வடநாட்டு மண்டிகளில் பழைய சங்கதி. நிலவேம்பிலும் இதுபோல் உண்டு. நம் ஊர் நிலவேம்பு வேறு, வடக்கே சிராயதா என்று விற்கும் மலைச் செடி வேறு. டில்லி காரி பாவ்லிக்குப் போன் போட்டுத் தமிழ்ப் பெயரை இந்தியில் சொல்லித் தேடினால் எது வரும் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இனி இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த வேர் நம் மண்ணில் விளைவதில்லை. காஷ்மீரிலிருந்து சிக்கிம் வரை இமயமலையில், மரம்கூட வளராத உயரத்தில், ஏறத்தாழ மூவாயிரம் மீட்டருக்கு மேலே பாறை இடுக்கில் விளைகிறது. ஆடு மேய்க்கப் போகிறவர்களும் மலைக் கிராமத்தாரும் பனி விழுவதற்கு முன் தோண்டி எடுக்கிறார்கள். இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். அடித்தண்டைப் பிடுங்கினால் அந்தச் செடி அத்தோடு முடிந்தது. ஒரு கிலோ சரக்கை எடுத்து எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், நூற்றுக்கணக்கில் வரும். அத்தனையும் ஒரு காலத்தில் மலையில் நின்ற உயிர்.

இப்படித் தோண்டித் தோண்டிச் செடி அருகிப் போனதால், 1997இல் நம் நாட்டின் கோரிக்கையின்பேரில் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 1998இல் மத்திய அரசு, காட்டில் எடுத்து ஏற்றுமதி செய்யக் கூடாத 29 செடிகளின் பட்டியலை வெளியிட்டபோது அதிலும் இது இருந்தது. நம்மில் யாரும் கப்பலில் ஏற்றப் போவதில்லை, வாஸ்தவம். ஆனால் பாதி விலைக்கு வருகிற மூட்டை எங்கிருந்து எப்படி வருகிறது என்று கேட்காமல் வாங்கினால், திருட்டு நகை வாங்குகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. கோஷ்டம் இதற்கு முன்னுதாரணம். காஷ்மீரத்துக் கோஷ்டம் ஒரு காலத்தில் சீனாவுக்கு மூட்டை மூட்டையாகப் போய்க் காட்டுச் செடி அழியும் நிலைக்கு வந்தது. 1985இல் அது சைட்டிஸ் முதல் பட்டியலுக்கே ஏறிவிட்டது. ஆனாலும் இமாசலத்தில் லாகுல் பள்ளத்தாக்கு விவசாயிகள் 1920களிலிருந்தே அதை வயலில் பயிர் செய்துவந்தார்கள். 2020இல் கொரோனா வந்து கபசுரக் குடிநீருக்கு ஊரெல்லாம் அலைந்தபோது அதில் சேரும் கோஷ்டத்தை நம் கடைகளிலும் கேட்டார்களே, அப்போது எனக்கு லாகுல்காரர்கள் நினைவுதான் வந்தது. கடுகுரோகிணியையும் உத்தரகாண்டில் சமோலி மாவட்டத்து மலைக்கிராமங்களில் பயிராகவே போடுகிறார்கள். நட்டு இரண்டு மூன்று வருஷம் காத்திருந்துதான் எடுக்க முடியும். ஆகவே விலை கூடத்தான் இருக்கும். இன்று கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிற சரக்கை ஒருவன் பாதிக்குத் தருகிறான் என்றால், ஒன்று அது சக்கை, இல்லையென்றால் கலப்பு, அதுவும் இல்லையென்றால் களவு.

சங்கக் கூட்டத்தில் ஓர் இளைய அன்பர் என்னிடம் கேட்டார்: “ஐயா, இவ்வளவு வம்பு எதற்கு? மளிகைக் கடையில் நாட்டு மருந்தையே எடுத்துவிட்டால் என்ன?” அவர் கணக்குப்படி அது சரி. லாபம் சொற்பம், தலைவலி அதிகம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்கு வசம்பும் சுக்கும் ஓமமும் தேடி வருகிற தாய் நம் கடைக்குத்தான் வருகிறாள். கிராமத்து வைத்தியர் சென்னை ராசப்ப செட்டித் தெருவுக்கா ஓட முடியும்? நாம் விட்டுவிட்டால் அந்த இடத்தில் பெயர் தெரியாத பாக்கெட் பொடிதான் வந்து உட்காரும். பொடியாகிவிட்டால் பிறகு மோதிரத் தழும்பும் தெரியாது, முறித்தும் பார்க்க முடியாது. ஆகவே விற்போம், முழுச் சரக்காக விற்போம். நாமாகவே இடித்து, நோயின் பெயர் போட்டு, மருந்தென்று பாக்கெட் கட்டினால் அது 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தின்படி உற்பத்தி உரிமம் இல்லாத குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் சங்கம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மொத்த வியாபாரிகள் அத்தனை பேரும், நான் உட்பட, பில்லில் ‘நாட்டு மருந்து’ என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதை நிறுத்த வேண்டும். சரக்கின் தமிழ்ப் பெயர், பக்கத்தில் தாவரப் பெயர், பயிரிட்டதா காட்டுச் சரக்கா, எந்த மாநிலம் என்ற நான்கும் பில்லில் வர வேண்டும். தாவரப் பெயரைத் தமிழில் எழுதினாலும் போதும். அப்படி எழுதிக் கொடுக்காத இடத்தில் நம் உறுப்பினர்கள் வாங்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டால், ஆறு மாதத்தில் மேலே இருக்கிறவன் எழுதத் தொடங்கிவிடுவான். தனியாக நான் கேட்டபோது, “ரெண்டு கிலோ வாங்குற ஆளுக்கு இவ்வளவு சட்டமா?” என்று சிரித்தார்கள். நூறு கடை சேர்ந்து கேட்டால் சிரிக்க மாட்டார்கள். 1994இல் என் பில்லில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் ஊமையாகத் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

வாங்க வருகிறவரிடமும் நம் வாய்க்கு ஒரு கட்டு வேண்டும். கண் மஞ்சளாகி வந்து “காமாலைக்குக் கடுகுரோகிணி எவ்வளவு போடணும்?” என்று கேட்பவருக்கு நாம் அளவு சொல்லக் கூடாது. காமாலையில் பல வகை. அவரை முதலில் டாக்டரிடம் ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்புவதுதான் முறை. வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதன்படி நிறுத்துக் கொடுப்பது நம் வேலை.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில், பெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது என் கிடங்கிலும் தண்ணீர் ஏறியது. அடி வரிசையில் இருந்த வேர்ச் சரக்குகள் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிட்டன. வெயிலில் காயவைத்துத் துடைத்தால் யாருக்கும் தெரியாது என்று என் கடைப் பையன்களே சொன்னார்கள். மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டது உண்மை. பிறகு குழி வெட்டிக் கொட்டிவிட்டேன். இப்போது வேர்ச் சரக்கு எல்லாம் மேல்தட்டில், மூடி இறுகிய டப்பாவில்.

1994இல் பொட்டலத்தோடு வந்த அந்த வைத்தியர் இன்று இல்லை. அவர் மகன் முறையாகச் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று அதே ஊரில் பார்க்கிறார். போன மாதம் கடைக்கு வந்தார். டப்பாவைத் திறந்து கொடுத்தேன். பில்லைக் கேட்டார், காட்டினேன். தாவரப் பெயர், சமோலிச் சரக்கு என்று எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு அப்பா மாதிரியே ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். முகம் நன்றாகக் கோணியது. அரைக்கிலோ நிறுக்கச் சொன்னார்.